எதிராளிக்கு மூன்று நிமிடம்

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாள். போட்டி தேவராசனுக்கும் செங்கமலத்துக்கும். வீட்டுக்கு ஒருவர் எதிராளிக்காக மூன்று நிமிடம் உண்மையாக வாதாடினால்தான் அந்த வீட்டுக்கு ஒரு ஓட்டு. பொய் சொன்னால் மேடையிலிருக்கும் உண்மை அறியும் பெட்டி சிவந்துவிடும். தேவராசனின் ஆளான இன்னாசிக்கு இரண்டு முறை சிவந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

"பாழாப்போன பெட்டி!" என்று திட்டிவிட்டு வாயைத் திறந்தார். "புயலன்னிக்கு எம் மவ பிரசவ வலியில கெடந்தப்ப படகு அனுப்பினது செங்கமலம்மாதான். தேவராசன் போனையே எடுக்கல."

மூன்று நிமிடம் பேசி முடித்ததும் பெட்டி பச்சையானது.

"யோவ் இன்னாசி, கோஷ்டி மாறிட்டியா?" என்று கூட்டம் சிரித்தது.

மனைவி பிலோமினா சிரிக்கவில்லை. "தேவராசன் அனுப்பின படகுன்னுல்ல பத்து வருசமா எங்கிட்ட சொன்ன?"

"பெட்டி கேட்டுச்சு, சொன்னேன். நீ கேக்கலியே?"

பிலோமினா அவருக்கு முன்னால் போய், வீட்டின் அந்த ஒரே ஓட்டைச் செங்கமலத்துக்குக் குத்திவிட்டு வந்தாள்.