ஒரு சக்கரத்துக்கு எழுநூற்றைம்பது

“நூத்தி அறுபத்தஞ்சு ராத்தல்! எறக்கு, அடுத்தத ஏத்து!” என்றார் ராமாமிர்தம், பழக்கதோஷத்தில்.

பதுளையில் தன் கடையின் பின்கட்டில் அவர் மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார் பாலசுப்பிரமணியம். ஹாலிஎலவில் தோட்டம் வைத்திருப்பவர். பன்னிரண்டு வருடமாக இந்தக் கடைக்கு மிளகு நிறுத்துப் போடுபவர். இன்று அவர் வீட்டில், அவர் மகளுக்கும் ராமாமிர்தத்தின் மகன் வடிவேலுக்கும் நிச்சயதார்த்தம்; மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துப்போக அவரே வந்திருந்தார்.

“அவ்வளவுதானா சம்பந்தி? வயிறு என்னமோ அப்படியேதான் இருக்கு” என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

“கல்யாண அலைச்சல். எளைச்சிட்டீங்க.”

பதுளைக்கு ரயில் வந்த மறுவருடம் அது. ரயிலில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதாலேயே ராமாமிர்தம் ஒரு தோட்டத்துத் துரையிடம் பழைய கார் வாங்கியிருந்தார். புது டயரோடு வந்த இங்கிலீஷ் அட்டையை வக்கீலிடம் காட்டி அர்த்தம் கேட்டு, மனப்பாடமே செய்துவிட்டார்.

“அறுபது ராத்தல் காத்தடிச்சா ஒரு சக்கரம் எழுநூத்தம்பது ராத்தல் தாங்கும். நாலுக்கு மூவாயிரம். காரே ரெண்டாயிரம். மிச்ச ஆயிரத்துக்குள்ளதான் நாம ஏறணும்.”

டிரைவர் மொஹிதீன் தலையைச் சொறிந்தான். “பாரம் நாலுக்கும் சமமாப் போகாதுங்க மொதலாளி. பின்சக்கரம் ரெண்டும்தான் மாட்டிக்கும்.”

“அதுக்குத்தான் அரிசி மூட்டைய முன்னால வைக்கச் சொன்னேன்!”

ஆறு பேர், அரிசி, தேங்காய், சீர்த்தட்டுகள் எல்லாம் தராசில் ஏறி இறங்கின. மொத்தம் தொள்ளாயிரத்து எழுபது. இன்னும் முப்பது ராத்தலுக்கு இடமிருக்கிறதே என்று ஒரு வாழைக்குலையும் ஏறியது.

ஹாலிஎல ஸ்டேஷனுக்கு முந்தின ஏற்றத்தில் பின்சக்கரம் ஒன்று வெடித்தது. மாற்றுச் சக்கரம் மாட்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அடுத்ததும் வெடித்தது. கார் வாய்க்காலில் சாய, தேங்காய்கள் பதுளையை நோக்கி உருண்டோடின.

யாருக்கும் அடியில்லை. ஆனால் கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்று சிரித்தார்கள். ராமாமிர்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அட்டையில பொய் எழுதிட்டான்! இப்படியா யாவாரம் பண்றது? நம்பி வந்தவன் வயித்துல அடிக்கலாமா? கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!”

“விடுங்க சம்பந்தி, நல்ல நேரம் போகுது. நடந்தே போயிருவோம்” என்றார் பாலசுப்பிரமணியம்.

“இல்ல! ஸ்டேஷன்ல சர்க்கார் தராசு இருக்கு. எல்லாரையும் எடை போட்டு, மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கி, அந்தக் கம்பெனிக்காரன் மூஞ்சியில எறியிறேன்.”

சம்பந்தியின் கையைப் பிடித்து இழுத்துப் போய், முதல் ஆளாக அவரையே பலகையில் ஏற்றினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் தராசின் குண்டை நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “சரியா எரநூறு ராத்தல்.”

“காலையில நூத்தி அறுபத்தஞ்சுதானே...” சொன்ன பிறகுதான் ராமாமிர்தம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாலசுப்பிரமணியம் பலகையைவிட்டு இறங்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“பன்னெண்டு வருசமா நான் போட்ட மொளகு நெசமா எத்தன ராத்தல், மொதலாளி?”