பிரெஞ்சில் சொன்னது

மர்கரீத் முதலில் வீட்டுக்காரி பரமேஸ்வரியைக் குசினிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு சோபாவின் நுனியில் இருந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

பிள்ளை சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பெண்பிள்ளை லா ஷப்பல் பகுதியின் இந்த மாடி வீட்டில் பகல் முழுக்க நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் யாரோ அறிவித்திருந்தார்கள். விசாரிக்கச் சிறுவர் நல அலுவலகத்திலிருந்து மர்கரீத் வந்திருந்தாள். மொழிபெயர்க்க நிருபா கூட வந்திருந்தாள்.

இவள் தன் அக்காவின் மகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் கிடைத்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்று பரமேஸ்வரி ஏற்கெனவே வாய் நிறையச் சொல்லியிருந்தாள்.

பிள்ளையும் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தாள். பெயர் தர்மிளா. வயது பதின்மூன்று. சின்னம்மா நல்லவர்.

எல்லாம் சரி, தமிழ்தான் காட்டிக்கொடுத்தது. அது யாழ்ப்பாணத்துப் பேச்சே இல்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. பொய்யைப் பாடமாக்கிக் கொடுத்தவர்களுக்குப் பேச்சையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் தன் அடிமைகளை விடுவித்த பிறகு, தோட்ட வேலைக்குக் கூலிகளாகக் கடல் கடத்திக் கொண்டுபோன சனத்தின் வழி வந்த பிள்ளை அவள். தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து சிறுமிகளை யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வேலைக்கு எடுப்பது பழைய வழக்கம். வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வார்கள். இப்போது அந்த வழக்கத்துக்கு விமானம் ஏறவும் தெரிந்துவிட்டது.

மர்கரீத்துக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? எல்லாத் தமிழும் அவளுக்கு ஒரே சத்தம்.

நிருபா ஒரு வசனம் சொன்னால் போதும். தர்மிளா இன்றைக்கே இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம்.

பிள்ளையின் விரல் இடுக்குகள் சவர்க்காரத்தில் வெந்து சிவந்திருந்தன. நிருபாவுக்குப் பயமாக இருந்தது.

வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்கும்படி மர்கரீத் சொன்னாள். நிருபா கேட்டாள்.

தர்மிளா குசினிக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, என்னையும் என் தங்கச்சி கஜனியையும் ஒண்ணாத்தான் கூட்டியாந்தாங்க. அவள எந்த வீட்டுல விட்டாங்கன்னு தெரியல. இவங்ககிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”

மர்கரீத் பேனையோடு காத்திருந்தாள்.

சின்னம்மா தன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வதாகப் பிள்ளை சொல்கிறாள் என்று நிருபா பிரெஞ்சில் சொன்னாள்.

தன் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நினைப்பில் தர்மிளா மர்கரீத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மர்கரீத் மறுபடியும் சிரித்தாள். இந்த முறை பிள்ளையும் சிரித்தாள்.

கீழே தெருவில் கை கொடுத்துவிட்டு மர்கரீத் மெத்ரோ ரயிலுக்கு நடந்தாள். அவள் தலை மறைந்ததும் நிருபா கார்ஜிலுள்ள தன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“கஜனி, நான் வருமட்டும் ஆர் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதை. விளங்கிச்சோ?”