மாத்திரை போட்டாச்சா?

மேற்பார்வையாளர் வகுப்புக்குள் காலை வைத்ததும், மூன்றாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று கோரஸாகக் கத்தியது.

"மாத்திரை போட்டாச்சா?"

அச்சு அசல் தமிழில்!

இத்தனைக்கும் அந்த ஊரில் தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதே யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகள். மார்க் போட வந்த மனிதரும் உள்ளூர்க்காரர். கடல் தாண்டி வந்து, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பழகிக்கொண்டிருந்த பயிற்சி டீச்சர் ஒருத்திதான் தமிழ்.

இன்றைக்கு அவர் போடும் மார்க்கில்தான் அவளுடைய டீச்சர் பட்டமே இருக்கிறது. கோட்டை விட்டால் இன்னொரு வருஷம் முதலிலிருந்து. அவரோ கறார் பேர்வழி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நினைப்பவர்.

"உட்காருங்க சார்," என்றாள் இங்கிலீஷில். இனி எல்லோரும் பேசப்போவது இங்கிலீஷ்தான். நாம் நம் வசதிக்குத் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

"இப்ப இவங்க சொன்னது என்ன?"

"அது... வணக்கம் மாதிரி சார்."

"எந்த பாஷையில?"

"என்னோட தாய்மொழி சார்."

"நீங்க வந்தது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க."

"வகுப்புல நான் ஒரு வார்த்தைகூட என் பாஷையில பேசினதில்ல சார். சத்தியமா!"

"அப்ப இவங்க என்ன, கனவுல கத்துக்கிட்டாங்களா?"

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்பு பெஞ்சு ஆயிற்றே, முழங்கால் மோவாயில் இடித்தது. பக்கத்திலிருந்த சுட்டி ஒன்று அவர் முதுகில் பரிவோடு தட்டிக்கொடுத்து, "தண்ணி நிறைய குடிக்கணும், என்ன?" என்றது. அதுவும் தமிழில்தான்.

வகுப்பே கைதட்டியது. டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவசர அவசரமாகப் படங்களைக் கரும்பலகையில் ஒட்டப் போனாள்.

"பாடம் அப்புறம்," என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. "முதல்ல, இது என்ன கூத்துன்னு யாராவது எழுந்து எனக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

பட்டாசு எழுந்தாள். முன்பல் இரண்டும் விழுந்தும் வாய் ஓயாத அந்தப் பெண்ணுக்கு, டீச்சர் மனசுக்குள் வைத்திருந்த பேர் அது.

"அது இங்கிலீஷ் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும் சார். மிஸ் சாப்பாட்டு நேரத்துல இங்க தனியா உட்கார்ந்து, அவங்க அம்மாவுக்கு போன் பண்ணுவாங்க. நாங்க கதவுக்கு வெளியில நின்னு, கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டோம். போன் எடுத்ததும் மிஸ் இதைத்தான் சொல்லுவாங்க. அப்படின்னா 'வாங்க'ன்னுதானே சார் அர்த்தம்?"

டீச்சரின் முகம் சிவந்தது. இந்த ஊரில் யாருக்குப் புரியப்போகிறது என்றுதான் அவள் தினமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" என்றார் அவர்.

"மிஸ்ஸைப் பார்க்க ஒருத்தர் வர்றாருன்னு சொன்னாங்க. நீங்க மிஸ்ஸோட மாமான்னு நினைச்சோம் சார்."

மேற்பார்வையாளர் இருமினார். இருமல் கொஞ்சம் நீளமாகவே போயிற்று.

"இவ்வளவு நேரம் தங்குதடையில்லாம பேசினியே, இந்த இங்கிலீஷ் யார் சொல்லிக்கொடுத்தது?"

"மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

அதற்குப் பிறகு பாடம் நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். முடிந்ததும் அவர் மார்க்கை எழுதி, டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். நல்ல மார்க். ரொம்பவே நல்ல மார்க்! பெஞ்சிலிருந்து எழுந்திருக்கத்தான் அவரை இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அவர் தலை மறைந்ததும் டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் பட்டாசின் காதைப் பிடித்தாள், வலிக்காமல்.

"கொஞ்ச நேரத்துல என் பட்டத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தீங்களேடி! விளையாட்டை விட்டுட்டு கதவுக்கு வெளியில கால் கடுக்க நின்னு, பரீட்சைக்கு வராத பாஷையை எதுக்குக் கத்துக்கிட்டீங்க?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பட்டாசு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பாஷையில உங்ககிட்ட பேச இங்க யாருமே இல்லையே, மிஸ்!"