ஒரு விரல் இடைவெளி

"இந்த வீலை மாட்டினவன் யாரும்மா?"

தெரிந்தேதான் கேட்டார் வீல் கடைப் பெரியவர். பார்க்கச் சின்னதாக, மிதித்தால் சீறிப் பாயும் சிவப்புக் கார். அதன் பின்பக்க இடது டயரில் மட்கார்டு உரசி, கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு.

"எதிர்த்த கடைதான் ஐயா," என்றார் பல் டாக்டரம்மா. "வண்டியோட வந்தது பதினெட்டு இஞ்ச். நான் இன்னும் பெரிசா, அகலமா கேட்டேன். அதே கம்பெனி விலை கூடின வண்டிக்குப் போடுற பத்தொன்பது இஞ்ச் வீல் இருக்கு, அதுதான் மட்கார்டுக்குள்ள அடங்கும்னு சொல்லிப் போட்டுவிட்டார். ரெண்டு மாசம்தான் ஆச்சு. நேத்து வளைவுல டயர் வெடிக்கப் பார்த்துச்சு. பின்னாடி என் பிள்ளைங்க ரெண்டு பேரும் இருந்தாங்க."

பெரியவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எதிர்த்த கடைக்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஒரே கடையில் சேர்ந்து வேலை பார்த்தவர், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனிக்கடை போட்டார். பாதி வாடிக்கை பின்னாலேயே போனது. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. பெரியவருக்குச் செவ்வாய்க்கிழமை என்றாலே இன்னமும் ஆகாது.

"வீல் தப்பா, இல்லையா? அதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"வேணும்."

கேஸ் போடப் போகிறார் என்று பெரியவர் முடிவுகட்டினார். பிள்ளைகள் இருந்த வண்டி. தம்பி கடையை இழுத்து மூட அந்த ஒரு பேப்பர் போதும்.

"டேய், மூணு பேர் பின் சீட்டுல ஏறுங்கடா!" என்று கடை ஆட்களை விரட்டினார்.

"நான் ஒருத்தன் ஏறினாலே மூணு ஆள் கணக்குதான் அண்ணே," என்றார் குண்டு வெல்டர், தொப்பையைத் தடவிக்கொண்டு.

"வாயை மூடிட்டு ஏறு."

ஆள் ஏறி வண்டி தணிந்தால்தான் மட்கார்டின் சங்கதி வெளியே வரும். வெறும் வண்டியை அளந்து சொல்வது பெரியவருக்குப் பிடிக்காது. வண்டியைக் கட்டை மேல் ஏற்றி இறக்கச் சொன்னார். இடது பக்கம் 'கிர்ர்ர்' என்றது.

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்று கத்தினார் டாக்டரம்மா. அதற்குள் கிளினிக்கிலிருந்து போன் வர, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

பெரியவர் வலது பக்கம் போய்க் குனிந்தார். மறுபடி ஏற்றி இறக்கச் சொன்னார். சத்தமே இல்லை. வண்டி நின்றதும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டார். தாராளமாகப் போய் வந்தது.

அதே வீல். அதே டயர். வீல் தப்பென்றால் ரெண்டு பக்கமும் அல்லவா உரச வேண்டும்?

பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்தார். வலது மட்கார்டில் பச்சக்கென்று ஒட்டியது. இடதில் வைத்தார். நழுவி விழுந்தது. தகரம் நசுங்கியதை மறைக்கப் காந்தம் ஒட்டாத பட்டிப் பசையை அப்பி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். விளிம்பு ஒரு விரல் அளவுக்கு உள்ளே போயிருந்தது.

"அப்போ சின்னவர் போட்ட வீல் சரியாத்தானே அண்ணே..." என்று ஆரம்பித்தார் வெல்டர்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

மேஜைக்கு வந்து பேப்பரை இழுத்தார். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். 'வீல் பெரிசு. அதனாலதான்' என்று எழுதினார்.

பேனா அதற்கு மேல் நகரவில்லை. தம்பியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். விரல் போய் வந்த இடத்தை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"எழுதியாச்சா ஐயா?" டாக்டரம்மா எதிரே வந்து நின்றார்.

சரக்கென்று அந்த வரியை அடித்தார். கீழே எழுதினார்: 'வீல் சரி. இடது மட்கார்டு அடிபட்டுப் பட்டி வெச்சது. அதுதான் உரசுது.' கையெழுத்தும் போட்டார்.

"அடிபட்டதா?" டாக்டரம்மாவின் முகம் மாறியது. "போன வாரம் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துட்டுப் போய், சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டுவந்தார்... இருக்கட்டும், இன்னைக்கு அவர் பல்லைப் பிடுங்குறேன். ஊசி போடாம!"

"அது உங்க குடும்ப விவகாரம். ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. எதிர்த்த கடைக்காரன் மோசமான ஆள்தான். இந்த வேலையில அவன் மேல தப்பில்ல."

டாக்டரம்மா பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, என்னை இங்கே அனுப்பினதே உங்க தம்பிதான். அதைச் சொன்னா நீங்க வண்டியை உள்ளேயே விட மாட்டீங்கன்னு சொல்லாம போகச் சொன்னார்."

பெரியவர் நிமிர்ந்தார்.

"காலையில அவர்கிட்ட சண்டை போட்டேன். அவரை வண்டியைத் தொடக்கூட விடல. 'அப்போ எங்க அண்ணன்கிட்ட காட்டுங்க. அவர் தப்புன்னு எழுதிட்டா மறுபேச்சு இல்ல, நீங்க கேட்ட நஷ்டஈட்டைக் குடுத்துட்டுக் கடையை மூடிடுறேன்'னார். உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆகாதாமேன்னு கேட்டேன். 'ஆகாதுதான். ஆனா வீல் விஷயத்துல எங்க அண்ணன் பொய் எழுத மாட்டார்'ன்னார். இதைக் காட்டி அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும் ஐயா."

பேப்பரை மடித்துக்கொண்டு டாக்டரம்மா கிளம்பினார். பெரியவர் அவசரமாகக் கையை நீட்டினார்.

"அதை இப்படிக் குடும்மா," என்றார். "அடித்தல் திருத்தல் இல்லாம வேற எழுதித் தர்றேன்."