எட்டுப் பின்னல்

பீரோவைத் திறந்தான்.

பட்டுப்புடவைகளுக்கு நடுவே மியூசிக் பிளேயர் மட்டும் கிடந்தது. அதிலிருந்து காதுக்குப் போகும் புதுக் கேபிளைக் காணோம்.

வெள்ளி பூசிய செப்பு. எட்டுப் பின்னல். வந்து ஆறு நாள்தான் ஆகிறது. அதை இன்னும் அவனே காதில் மாட்டிப் பார்த்ததில்லை.

மாட்டக் கூடாது. நூற்றைம்பது மணி நேரம் நல்ல இசையை அதன் வழியே ஓடவிட வேண்டும். அப்போதுதான் உலோகம் பக்குவப்படும். இருட்டு வேண்டும், அசைவு கூடாது. அதனால்தான் பீரோ. முதலில் வீணை, பிறகு வயலின், கடைசியில் தவில். அட்டவணை போட்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் கை கழுவாமல் கூடத்துக்கு ஓடினான்.

மனைவி தெய்வானை சோபாவில் கால்மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லெட். இரு காதிலும் அவனுடைய மானிட்டர். அதை இயர்போன் என்று சொல்பவர்களோடு அவன் பேசுவதில்லை.

மானிட்டரிலிருந்து டேப்லெட் வரை எட்டுப் பின்னல் மின்னியது.

திரையில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

அவள் ஒரு காதை மட்டும் கழற்றினாள்.

"திங்கக்கிழமையிலிருந்துதானுங்க. நீங்க வரங்காட்டி திருப்பி வெச்சிருவேன். பீரோக்குள்ள தனியாப் பாடிட்டுக் கெடந்துச்சு. கேக்க ஆளில்லாம என்னத்துக்குப் பாடுதுன்னு எடுத்தனுங்க."



ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோவை நுண்செவியாளர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேபிளைப் பற்றி அவன் தீர்ப்பு எழுத வேண்டும். பதினோரு பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். அவன் நன்று என்றால் வாங்குவார்கள்.

போன மாதம் ஒரு கேபிளைப் பற்றி நான்கு பத்தி எழுதினான். பழைய கேபிளில் திரை விழுந்திருந்ததாகவும் புதியதில் திரை விலகியதாகவும். கூடவே படமும் போட்டான். படத்தில் மாட்டியிருப்பது மானிட்டரோடு பெட்டியில் இலவசமாக வந்த பழைய கேபிள் என்று ஒருவர் வட்டமிட்டுக் காட்டினார். அன்று முதல் அவன் என்ன எழுதினாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். சில நாள் அதுவும் வராது.

இன்னொரு முறை தவறினால் அவன் வெறும் இயர்போன்காரன்.

பால்கனிக்குப் போய்க் குழுவின் தலைவர் ரங்கராஜுலுவைப் போனில் அழைத்தான். மில்லில் முப்பது வருடம் தறி ஓசைக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரிலேயே நுட்பமான காது அவருடையது என்று பேச்சு.

"நம்ம நண்பர் ஒருத்தருங்க. பக்குவத்துக்குப் போட்ட கேபிள்ல வீட்டுல சீரியல் பாத்துட்டாங்களாம்."



"அழுவற சீனா, சண்டை சீனாங்க?"

"ரெண்டும் இருக்கும்ங்க."

"சண்டைன்னா போயிரும். அழுவாச்சி வெள்ளியில தங்கிக்கும்ங்க. உங்க நண்பர ஒருக்கா கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

ஞாயிறு விடிந்ததும் கேட்டுப் பார்த்தான்.

புதிய கேபிள். பழைய கேபிள். மறுபடி புதியது. கண்ணை மூடிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் கொஞ்சம் நிறுத்திவிட்டு.

இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அழுகைகூடத் தங்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அதுல உனக்கு என்ன கேட்டுச்சு?"

தெய்வானை அடுப்பை அணைத்தாள். அவன் கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை.

"அந்த மருமவ இருக்காளுங்களே. மாமியாக்காரி பேசப் பேச, அழுவக் கூடாதுன்னு தொண்டையில முழுங்குவா. டீவில அது கேக்காதுங்க. இதுல கேட்டுச்சு."

"வேற?"

"முழுங்கறதுக்கு முன்னால மூக்குல ஒரு மூச்சு. அது நின்னு போவும். அப்பறந்தான் முழுங்குவா. மூச்சு நின்ன எடத்துலதானுங்க அழுவையே இருக்குது."

அவன் நடந்துகொண்டே போனில் தட்டினான். 'குரலுக்கு முந்திய மூச்சு, மூச்சு நின்ற இடத்து மௌனம், மௌனத்துக்குப் பின் தொண்டையின் அசைவு. மூன்றையும் தனித்தனியே பிரித்துத் தருகிறது. இந்தக் காதுக்கு இது புதிய அனுபவம்.'

சரியாகப் பத்து.

பத்தேகாலுக்குள் ஒன்பது பேர் வாங்குவதாக எழுதினார்கள். வட்டமிட்டுக் காட்டியவரும் அதில் ஒருவர். ரங்கராஜுலு நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார்: 'மௌனத்தைக் கேட்கிற காது லட்சத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். தம்பிக்கு வாய்த்திருக்கிறது.'

அதை அவன் நான்கு முறை படித்தான். பிறகு எட்டுப் பின்னலை மாட்டிக்கொண்டு உணவு மேசை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். வீணை.

"ஏனுங்க, நாஞ் சொன்னதையா எழுதுனீங்க?"

தெய்வானை கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

கண்ணை மூடியிருந்தவன், தொந்தரவு செய்யாதே என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினான்.

இன்னொரு முறையும் கேட்டாள்.

மூன்றாவது முறைக்கு மூச்சை இழுத்தாள். அது நின்றது.

அவன் தலையசைத்தான், தாளத்துக்கு.