ஓரத்தில் அக்கா

வகுப்பறை ஜன்னலில் மாலை வெயில். நான் செய்த அட்டைக் கேமராவின் பின்பக்கம் ஒட்டிய தாளில், லென்ஸுக்கு முன்னால் நிற்கும் மூன்று பேர் தலைகீழாகத் தொங்குகிறார்கள். நடுவிலிருப்பவர் என்னோடு கேமரா செய்யப் படிக்கும் தையல்காரர்; அவர் மீசை முடிமுடியாகத் தெரிகிறது. இருபுறமும் இருக்கிற, அதே வகுப்பு எலெக்ட்ரீஷியனும், என்னை அழைத்துப்போக வந்த அக்காவும் கரைத்த மாவாக மங்கியிருக்கிறார்கள். “நடுவுல மட்டும்தான் தெளிவா இருக்கு” என்கிறேன். “என்னடி, என்னை மட்டும் அழிச்சு வச்சிருக்கே?” என்கிறாள் அக்கா. “எனக்கும் மூஞ்சியில்லைங்க” என்கிறார் எலெக்ட்ரீஷியன். லென்ஸை மறுபடியும் துடைக்கிறேன். இன்றும் சரிவராவிட்டால் இந்த வகுப்புக்கே முழுக்குப் போட்டுவிடுவதாக இருக்கிறேன். பின்னால் ஒட்டியது சுருளிலிருந்து வெட்டிய மெல்லிய தாள். அளவுகோல் வைத்துத் தட்டையாக இழுத்து ஒட்டியிருக்கிறேன். திடீரென்று இரண்டு ஓரங்களிலும் டேப் விட்டுப்போகிறது. நடுவில் ஒட்டியது மட்டும் பிடித்திருக்க, ஓரங்கள் லென்ஸை நோக்கிச் சுருள்கின்றன. “போச்சு” என்று தாளை நீவப் போன கை நின்றுவிடுகிறது. வளைந்த ஓரத்தில் அக்காவின் தோடு மின்னுகிறது. புருவம் தெரிகிறது, நெற்றியில் ஒட்டிய முடிகூடத் தெரிகிறது. நம் கண்ணுக்குள் படம் விழும் திரையும் இப்படி வளைந்ததுதானே. லென்ஸில் குறையே இல்லை; தாளைத் தட்டையாக இழுத்ததுதான் தப்பு. “என்ன ஆச்சு?” என்கிறாள் அக்கா. “அசையாதேக்கா. உன் பல்லிடுக்கு தெரியுது.” சட்டென்று வாயை மூடிக்கொள்கிறாள். தையல்காரர் சிரிப்பில் குலுங்க, எலெக்ட்ரீஷியன் சிரித்துக் குனிய, அவளாலும் அடக்க முடியவில்லை. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மூவரும் தெளிவாகத் தலைகீழாகச் சிரிக்கிறார்கள்.