ஆண்கள் கடைக்குப் போகும் நாள்

"உப்பு பிஸ்கட்னுதானே சொன்னேன்? உப்பில்லாததை வாங்கிட்டு வந்து நிக்கறே. பாக்கெட்டுல இத்தனை பெரிசா போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

யாரிபெத் போட்ட சத்தம் கணவன் எலியேசரின் மண்டையில் ஏறியதோ இல்லையோ, அவளுடைய ஆபீஸ் முழுவதற்கும் கேட்டது. மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

"பிஸ்கட் விஷயம் முடிஞ்சதும் சொல்லுங்க யாரிபெத், மீட்டிங்கைத் தொடரலாம்" என்றார் மேனேஜர் திரையிலிருந்து.

ஊரடங்கு வந்ததிலிருந்து இஸ்திரி மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, காதிலிருந்து ஹெட்போனை எடுக்க முடியாது. பனாமா நகரத்தில் பெண்களை ஒருநாள், ஆண்களை மறுநாள் என்று வெளியே விட்டார்கள். அதிலும் அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்து ஆளுக்கு இரண்டு மணி நேரம். அவளுக்கு வாய்த்த நேரம் சரியாக மீட்டிங் நேரம். ஆகவே கடைகண்ணிக்குப் போகும் வேலை, ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்து இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும் எலியேசர் தலையில் விழுந்தது.

செவ்வாயும் வியாழனும் சூப்பர் மார்க்கெட்டில் ஆண்கள் படும் பாட்டைப் பார்க்கவேண்டுமே. ஆளுக்கொரு கீரைக்கட்டை போன் காமிராவுக்குக் காட்டி, வீட்டிலிருந்து வரும் திட்டை வாங்கிக்கொண்டிருப்பார்கள். எலியேசர் மட்டும் யாருக்கும் போன் போடமாட்டான். தானே போய், தானே தப்பு செய்துவிட்டு வருவான்.

ஒருநாள் கொழுப்பு நீக்கிய பால். ஒருநாள் வீட்டில் யாரும் தொடாத பப்பாளி.

"வாங்கினது வாங்கித் தொலைச்சே. இல்லாதவங்க யாருக்காவது கொடுத்துட்டு வா" என்பாள்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கு. இதோ வந்துடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இத்தனை திட்டு வாங்கியும் முகத்தில் வாட்டமே இருக்காது. விசிலடித்துக்கொண்டே படியிறங்குவான்.

அந்த விசில்தான் பக்கத்து பால்கனி மெல்வாம்மாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தாலும் அந்த அம்மாளின் கண் தெருவில்தான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை எலியேசர் கடைக்குக் கிளம்பிப் போனதும், மெல்வாம்மா கையசைத்து யாரிபெத்தை பால்கனிக்கு வரவழைத்தாள்.

"பொண்ணே, சொல்லக்கூடாதுதான். ஆனா சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது."

"சீக்கிரம் சொல்லுங்க மெல்வாம்மா. பிரேக் முடியப்போகுது."

"உன் புருஷன் தப்பாவே வாங்கறதில்லை. எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கறான். பின்தெரு மஞ்சள் கட்டடம் இருக்கே, அங்கே கீழ்வீட்டு ஜன்னல்ல போய்ப் பையை நீட்டறான். உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் கை வந்து வாங்கிக்குது. என் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து பளிச்சுனு தெரியுது."

யாரிபெத் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"போன தடவை ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இங்கே வரைக்கும் கேட்டுது. நானா இருந்தா அவன் துணிமணியை இன்னைக்கே படிக்கட்டுல வீசியிருப்பேன்."

"கை நிறைய வளையலா? நகத்துல சிவப்பு பாலிஷா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"அது எங்க அக்கா டாலிஸ்."

மெல்வாம்மாவின் முகம் தொங்கிப்போனது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம் இப்படிச் சப்பென்று ஆகிவிட்டதே.

"உனக்கும் அவளுக்கும்தான் கல்யாணத்திலேர்ந்தே பேச்சு கிடையாதே?"

"கிடையாதுதான். 'ஒரு மரவள்ளிக்கிழங்கு பார்த்து வாங்க இவனுக்குத் துப்பிருக்கா'ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டாளே. என் புருஷனைச் சொன்னவ முகத்துல முழிக்கமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். இந்த வீட்டுல அவ பேரையே எடுக்கக்கூடாது." யாரிபெத் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கணுக்கால் முறிஞ்சு, கட்டுப் போட்டுக்கிட்டுத் தனியாக் கிடக்கா. சித்தி பொண்ணு சொன்னா. ரத்தக்கொதிப்பு வேற. அந்த உப்பில்லாத பிஸ்கட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"எல்லாம் தெரிஞ்சுமா அந்த மனுஷனை அந்தத் திட்டு திட்டினே?"

"திட்டலைன்னா எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அவனுக்குத் தெரிஞ்சா அவளுக்குப் போயிடும். அப்புறம் நான்தான் போய் முதல்ல பேசணும்."

"பேசினாத்தான் என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"அவ பேசட்டும் முதல்ல. அவதானே பெரியவ."

சொல்லிவிட்டு, போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். அழுகை தேங்கியிருந்த குரல் ஒரே நொடியில் அதட்டலாக மாறியது.

"எங்கே நிக்கறே? கறிக்கடைப் பக்கமா? நல்லாக் கேட்டுக்கோ, வீட்டுக்குக் கோழி மட்டும் போதும். தப்பித்தவறி முள்ளெடுத்த கொர்வினா மீனை, ரெண்டு எலுமிச்சம்பழத்தோட, ஒரு ஆள் சாப்பிடற அளவுக்கு வாங்கிட்டு வந்து நின்னே, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."